சத்தமின்றிக் கூடி வாசித்தல்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வானொலியில் இருந்துகொண்டு மௌனத்தைப் பற்றிப் பேசுவது சற்று விசித்திரமான காரியந்தான். ஒலிபரப்புத் துறையினருக்கு மௌனம் என்பது ஒரு கோளாறு. ஐந்து வினாடி ஒலி தடைப்பட்டாலே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். அப்படியிருந்தும் இவ்வார உரைக்கு மௌன வாசிப்பையே பொருளாக எடுத்துக்கொண்டேன். தனியாக இருந்து வாசிப்பதை அல்ல, பத்துப் பன்னிரண்டு பேர் ஓரிடத்தில் கூடியிருந்து, ஒருவரோடொருவர் பேசாமல், அவரவர் நூலை அவரவர் வாசிப்பதைப் பற்றியே கூற விரும்புகிறேன். அவ்வாறான ஒரு வட்டத்தில், மேனாட்டுச் செவ்விலக்கியங்களை மாத்திரம் வாசிக்கும் ஒரு வட்டத்தில், நானும் ஏறத்தாழ எட்டு மாதங்கள் அங்கத்தவனாக இருந்தேன்.

வாசிப்பு வட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கலந்துரையாடல். எல்லோரும் ஒரே நூலை வீட்டில் வாசித்துவிட்டு வருவார்கள். ஒருவர் தொடக்கவுரை நிகழ்த்துவார். பிறகு கருத்துப் பரிமாற்றம். நூலை வாசிக்காமலே வந்து நன்றாகப் பேசும் இருவர் ஒவ்வொரு வட்டத்திலும் இருப்பார்கள். அவர்களை நாம் எல்லோரும் அறிவோம். மௌன வாசிப்பு வட்டத்தில் இந்த ஒழுங்கு முற்றாகத் தலைகீழாகிறது. வாசிப்பு கூட்டத்திலேயே நடைபெறுகிறது. பேச்சுத்தான் வெளியே போகிறது.

இம்முறை பரவலாக அறியப்படத் தொடங்கியது 2012ஆம் ஆண்டிலே. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் குவினிவியர் டி லா மார், லோரா குளுஹானிச் என்ற இரு சிநேகிதிகள், அயலிலுள்ள மதுச்சாலை ஒன்றில் தத்தம் நூல்களுடன் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். குறித்த திகதிக்குள் நூலை முடிக்கவேண்டும், பிறகு அதைப் பற்றி ஏதேனும் புத்திசாலித்தனமாகச் சொல்லவேண்டும் என்ற வில்லங்கம் இல்லாத ஒரு சந்திப்பே அவர்களுக்கு வேண்டியிருந்தது. இன்று அந்த அமைப்பின் கிளைகள் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்குகின்றன. நமக்கு அண்மையில், பெங்களூரில், 2023ஆம் ஆண்டிலிருந்து கபன் பூங்காவின் மரநிழலில் சனிக்கிழமைகளில் பாய் விரித்திருந்து வாசிப்போர் பலர். இவை எந்த நூலையும் அனுமதிக்கும் வட்டங்கள். நான் சேர்ந்துகொண்டது அவற்றில் ஒன்றல்ல. அதே மாதிரியைப் பின்பற்றி, செவ்விலக்கியம் என்ற எல்லையைத் தானாக வகுத்துக்கொண்ட ஒரு சிறு வட்டம்.

மகள் குடும்பத்துடன் சில காலம் இருப்பதற்காக இலண்டன் சென்றிருந்தேன். பகல் முழுவதும் வீட்டில் எவரும் இல்லை. நூல்கள் இருந்தன, நேரமும் இருந்தது, ஆனால் வாசிப்பு ஓடவில்லை. என் மனைவி காலமாகி அப்போது ஓராண்டு கடந்திருந்தது. இரண்டு பக்கம் புரட்டுவேன்; பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதைக் கண்ட மகள், “அப்பா, எங்கேயாவது ஆட்களோடு இருந்து வாசியுங்கோ” என்று சொல்லி, ஒரு கலந்துரையாடல் வட்டத்துக்கு என்னை அனுப்பிவைத்தாள். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்கள் பேசும் வேகத்துக்கு என் ஆங்கிலம் ஈடுகொடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை மனதில் ஒரு வாக்கியமாக அடுக்கி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு முறை எப்படியோ இடையில் புகுந்து இரண்டு நிமிடம் பேசினேன். எல்லோரும் மிக மரியாதையாகத் தலையசைத்தார்கள். அதன் பின்னர் நான் எதுவுமே சொல்லாதது போல உரையாடல் தொடர்ந்தது. வேற்று மொழிச் சூழலில் வாழ்ந்த அனுபவமுள்ள நேயர்களுக்கு இந்த மரியாதை எப்படிப்பட்டது என்பது விளங்கும்.

மௌன வட்டம் கிழக்கு இலண்டனில் ஒரு பொது நூலகத்தின் மேல்மாடியில் கூடுகிறது. சனிக்கிழமை காலை பதினொரு மணி. நீண்ட மேசை ஒன்று, அதைச் சுற்றிப் பதினைந்து கதிரைகள். வட்டத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற நூலகர், ஒரு பெண்மணி. உள்ளே வருபவர்கள் கைத்தொலைபேசியை நிறுத்தி, வாசலில் இருக்கும் பிரம்புக் கூடையில் போட்டுவிட வேண்டும். பெயரைக்கூட எவரும் கேட்பதில்லை. பதினொன்று பத்துக்கு அவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையை அசைப்பார். அவ்வளவுதான் தொடக்க விழா. அதிலிருந்து ஐம்பது நிமிடம் எவரும் வாய் திறப்பதில்லை. பன்னிரண்டு மணிக்குத் தேநீர். பேச விரும்புபவர்கள் இருபது நிமிடம் நிற்கலாம்; விரும்பாதவர்கள் கூடையிலிருந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு போகலாம். போகிறவர்களை எவரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை என்பது முக்கியம்.

விதிகள் இரண்டே. நூல் மேனாட்டுச் செவ்விலக்கியமாக இருக்கவேண்டும். வெளிவந்து ஐம்பது ஆண்டுகளாவது கடந்திருக்கவேண்டும். எந்த மொழியில் வாசிக்கிறீர்கள் என்பது பற்றி விதி எதுவும் இல்லை. இந்தக் கடைசி விடயம் பின்னர் ஒரு சிறு சச்சரவுக்குக் காரணமாயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் சும்மா இருந்து செய்யக்கூடிய ஒன்றைச் செய்ய, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. என் பக்கத்துக் கதிரையில் வழமையாக இருக்கும் ஒரு பெண்மணியே இதற்கு நல்ல விடை. அவருக்கு ஐம்பது வயதிருக்கலாம். வீட்டில் படுக்கையாகிவிட்ட தாய். சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் மாத்திரம் தாயைப் பார்க்க உதவிக்கு ஓர் ஆள் வருவார். அந்த இரண்டு மணித்தியாலத்தில் இவர் நூலகத்துக்கு வந்து தோல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ நாவலை வாசிக்கிறார். நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. “வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அம்மா கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்று நான் போய்ப் பார்ப்பேன்” என்றார். அந்நாவலில் 361 அத்தியாயங்கள். வாரத்துக்கு நான்கைந்து வீதம் வாசிக்கிறார். நான் சேர்ந்தபோது அவர் வாசிக்கத் தொடங்கி ஓராண்டு முடிந்திருந்தது. இப்படிப்பட்ட ஒருவருக்குக் கலந்துரையாடல் வட்டத்தில் இடமில்லை. “மாத முடிவுக்குள் முடித்துவிட்டு வாருங்கள்” என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வாசிப்பதற்கு நேரம் வேண்டும் என்கிறோம். நேரத்தைப் போல இடமும் வேண்டும். நமது வீடுகளில் ஒரு பெண் பகலில் கதிரையில் சாய்ந்து நாவல் வாசித்தால், அவருக்கு வேலை இல்லை என்று அர்த்தம் கொள்ளும் வழக்கம் இன்னும் போய்விடவில்லை. கூட்டம் ஒன்றுக்குப் போகிறேன் என்று சொன்னால் அதை மதிக்கிறார்கள்.

இனி, மௌன வாசிப்பின் வரலாறு. இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

புனித அகுஸ்தீன் தமது ‘ஒப்புதல்கள்’ நூலின் ஆறாம் பாகத்தில் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. மிலான் நகரின் ஆயர் அம்புரோஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார். கண்கள் பக்கத்தில் ஓடுகின்றன, நாக்கு அசையவில்லை. அவரைக் காண வந்தவர்கள் குழப்ப மனமில்லாமல் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அவர் ஏன் இப்படி வாசிக்கிறார் என்று அகுஸ்தீன் யோசித்துப் பார்க்கிறார். சத்தமாக வாசித்தால் பக்கத்தில் நிற்பவர் யாராவது கடினமான இடத்துக்கு விளக்கம் கேட்டுவிடுவார், அதைத் தவிர்க்க விரும்பியிருக்கலாம். அல்லது எளிதில் கம்மிப்போகும் தமது குரலைப் பாதுகாத்துக்கொள்ள எண்ணியிருக்கலாம் என்கிறார். முதலாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. விளக்கம் கேட்போரிடமிருந்து தப்புவதற்கு மௌனம் அன்றும் உதவியிருக்கிறது.

இக்காட்சியை ஆதாரமாகக் கொண்டு, பண்டைக் காலத்தவர்கள் மௌனமாக வாசிக்கவே அறியாதவர்கள் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பேணார்ட் நொக்ஸ் என்ற அறிஞர் 1968இல் எழுதிய கட்டுரையில் இதை மறுத்தார். கிரேக்க நாடகங்களிலேயே பாத்திரங்கள் கடிதத்தை மௌனமாக வாசிக்கும் காட்சிகள் உண்டு என எடுத்துக்காட்டினார். ஆகவே அறவே தெரியாது என்பது மிகை. ஆயினும் உரத்து வாசிப்பதே பொது வழக்காக இருந்தது எனலாம். இதற்கு ஒரு காரணம் எழுத்து முறை. அக்கால இலத்தீன் ஏடுகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி கிடையாது. எல்லா எழுத்தும் ஒரே சங்கிலி. வாயால் உச்சரித்துப் பார்த்தால்தான் சொல் எங்கே முடிகிறது என்பது தெரியும். 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகளே சொற்களைப் பிரித்து எழுதும் வழக்கத்தை ஊன்றச் செய்தார்கள் என்றும், கண்ணால் மாத்திரம் வாசிப்பது அதன் பின்னரே எளிதாயிற்று என்றும் போல் சேங்கர் 1997இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

நமது ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. சுவடியில் சொற்களுக்கு இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை. குறில் எகரமா நெடில் ஏகாரமா என்பதை வாசிப்பவரே உணரவேண்டும். பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஓசையைக் கொண்டு சொல்லைப் பிரிப்பதே ஒரே வழி. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் நடைபெறும்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். ஊர் முழுவதும் இருந்து கேட்கும். எழுத்தறியாதவரும் இலக்கியத்தில் பங்குகொள்ளும் வழி அது. வள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியதற்கு அன்றைய நூல்களின் இந்த நிலையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். பின்னர் ஆறுமுக நாவலர் அச்சு நூல்களில் சந்தி பிரித்து, குறியீடுகள் இட்டு உரைநடை எழுதினார். தனியே அமர்ந்து கண்ணால் வாசிக்கும் தமிழ் வாசகனை உருவாக்கியதில் அவருக்குரிய பங்கை நமது விமர்சகர்கள் இன்னும் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை.

உரத்து வாசிப்பது மேனாட்டிலும் உடனே மறைந்துவிடவில்லை. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865ஆம் ஆண்டிலிருந்து வாசிப்பாளர் ஒருவரை அமர்த்தும் வழக்கம் ஏற்பட்டது. தொழிலாளர் சுருட்டுச் சுற்ற, அவர் பத்திரிகையும் நாவலும் வாசிப்பார். அலெக்சாந்தர் டூமாவின் நாவலைக் கேட்டு அவர்கள் அடைந்த பரவசத்தின் அடையாளமாகவே ‘மொன்றிகிறிஸ்ரோ’ என்ற சுருட்டுக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பெங்குவின் செவ்விலக்கிய வரிசையின் தொடக்கமும் ஒரு குரலிலேதான். ஈ. வி. ரியூ என்பவர் யுத்த காலத்து மாலைப் பொழுதுகளில் ஹோமரின் ‘ஒடிசி’யைத் தம் மனைவிக்கு ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி வந்தார். அதுவே நூலாகி, 1946இல் அந்த வரிசையின் முதல் நூலாக வெளிவந்து, முப்பது இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று.

செவ்விலக்கியம் என்பது எது என்ற கேள்விக்கு வருவோம். எங்கள் வட்டத்தில் அதற்குப் பட்டியல் இல்லை. பட்டியல் போட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். சிக்காகோவில் ஹட்சின்ஸ், அட்லர் ஆகியோர் முன்னின்று, 1952இல் ‘மேலுலகின் மாபெரும் நூல்கள்’ என்று 54 தொகுதிகளை வெளியிட்டார்கள். ஹோமர் தொடங்கி புரொய்ட் வரை. அதில் ஒரு பெண் எழுத்தாளர்கூட இல்லை. 1990இல் வந்த 60 தொகுதிகள் கொண்ட இரண்டாம் பதிப்பிலேதான் ஜேன் ஒஸ்ரின், ஜோர்ஜ் எலியற், வில்லா காதர், வேர்ஜினியா வூல்ஃப் ஆகிய நால்வருக்கும் இடம் கிடைத்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கதவுக்கு வெளியே நின்றவர்கள். ஆகவே, பட்டியல்களை நான் மரியாதையுடன் பார்ப்பேனேயன்றி நம்புவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் மறுவாசிப்பு. இருபது வயதில் வாசித்த நூல் எழுபது வயதில் வேறொரு நூலாக இருக்கவேண்டும்.

பழைய பெரிய நூல்களுக்கு மௌன வட்டம் ஏன் பொருத்தமாக இருக்கிறது என்பதற்கு என் அனுபவத்தில் கண்ட காரணம் ஒன்று உண்டு. அவற்றின் முதல் எண்பது பக்கங்கள் கடினமானவை. இன்றைய நாவல் முதற் பக்கத்திலேயே நம் கையைப் பிடித்து இழுக்கிறது. 19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியருக்கு அந்த அவசரம் இல்லை. ஊரை வர்ணிப்பார், குலமுறை கிளத்துவார், சமயப் பிணக்கை விவரிப்பார். தனியே இருந்தால் அந்த இடத்தில் நூலை மூடிவிடுவோம். மேசையைச் சுற்றிப் பதினொருவர் தலை குனிந்து வாசித்துக்கொண்டிருக்கையில் மூடிவிட்டு என்ன செய்வது? வெட்கத்துக்காகவாவது அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அப்படிப் புரட்டிக்கொண்டே போகையில் நூல் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. சிறுவயதில் வாசிகசாலை மேசையில் பெரியவர்கள் நடுவே இருந்து, விளங்கியும் விளங்காமலும் வாசித்தோமல்லவா? அதே கட்டுப்பாடுதான். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வாசிப்பறையில் மின்விசிறிச் சத்தம் மாத்திரம் கேட்க ஆங்கில நாவல்களோடு மல்லுக்கட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி அந்நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. நூல்களின் எண்ணிக்கையை எல்லோரும் சொல்கிறோம். அந்த மேசைகளும், அவற்றைச் சுற்றியிருந்த மௌனமும் போனதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

நான் தேர்ந்துகொண்ட நூல் ஜோர்ஜ் எலியற்றின் ‘மிடில்மார்ச்’. மேரி ஆன் எவன்ஸ் என்பது அவரது இயற்பெயர். 1871 டிசம்பர் தொடக்கம் ஓராண்டு காலத்தில் எட்டுப் பாகங்களாக வெளிவந்த நாவல். 86 அத்தியாயங்கள், ஏறத்தாழ மூன்று இலட்சத்துப் பதினாறாயிரம் சொற்கள். இங்கே ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் மௌனமாகப் புனைகதை வாசிப்பவரின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 260 சொற்கள் என்று 2019இல் மார்க் பிறிஸ்பார்ட் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணித்தார். உரத்து வாசித்தால் 183. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்ற, கண்ணாடி இரண்டு முறை மாற்றிய என் போன்றவருக்கு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது நிமிடத்துக்கு 7,500 சொற்கள். நாவலை முடிக்க 42 சனிக்கிழமைகள் வேண்டும். இதைக் கேட்டு மலைக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கினால், ஓராண்டுக்குள் ஆங்கில நாவலின் சிகரங்களில் ஒன்றை எவரும் வாசித்துவிடலாம் என்பதே இக்கணக்கின் பொருள்.

நாவலில் கசோபன் என்றொரு முதிய மதகுரு வருகிறார். எல்லாப் புராணங்களுக்கும் திறவுகோலாக அமையும் ஒரு பெருநூலை எழுதப்போவதாக ஆண்டுக்கணக்கில் குறிப்புச் சேர்ப்பவர். நூல் எழுதப்படுவதேயில்லை. அறிவு வேட்கையோடு அவரை மணந்த இளம்பெண் டொரதியாவின் ஏமாற்றமே முற்பகுதியின் மையம். வாசகர் அனைவரும் டொரதியாவின் பக்கம் நிற்கிறோம். ஆனால் 29ஆம் அத்தியாயத்தில் ஆசிரியர் திடீரென்று நம்மை நிறுத்தி, எப்போதும் இவள் பக்கந்தானா, அந்த மனிதருக்கும் ஒரு மனம் இல்லையா என்ற தொனியில் பார்வையை மறுபக்கம் திருப்பிவிடுகிறார். அந்தத் திருப்பத்தை நான் அடைந்தது ஒரு மழைக்காலச் சனிக்கிழமையில்.

நேயர்களே, என் மேசையிலும் ஒரு தொகுப்பு இருக்கிறது. தமிழில் வந்த மேனாட்டு நூல்களின் விவரக்கோவை. இருபது ஆண்டுகளாகக் குறிப்புகள் சேருகின்றன. என் மனைவி இருக்கும்போது, “இவ்வளவு காணும், இதை முதலில் அச்சில் போடுங்கோ” என்று அடிக்கடி சொல்வார். அன்று அந்தப் பக்கத்தை உரத்து வாசிக்கும்படி எவராவது சொல்லியிருந்தால் என் குரல் தடுமாறியிருக்கும். கலந்துரையாடலில் இருந்திருந்தால் கசோபன் பாத்திரவார்ப்புப் பற்றி ஏதோ இரண்டு வாக்கியம் சொல்லிச் சமாளித்திருப்பேன். அங்கே இரண்டும் தேவைப்படவில்லை. நூலை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். எதிரே இருந்த முதிய வெள்ளைக்காரப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார், நூலின் அட்டையைப் பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். தேநீர் வேளையில், “எழுபது வயதுக்குப் பிறகு எனக்கும் கசோபன்மேல் கோபம் வருவதில்லை” என்று மாத்திரம் சொன்னார். ‘மிடில்மார்ச்’ பற்றி நான் வாசித்த விமர்சனங்கள் பல. அவற்றில் எதுவும் அந்த ஒரு வாக்கியம் அளவுக்கு எனக்கு உதவியதில்லை.

சச்சரவு என்று சொன்னேனல்லவா? ஒரு நாள் நமது பையன் ஒருவன் வந்தான். பல்கலைக்கழக மாணவன். பையிலிருந்து தடித்த தமிழ் நூல் ஒன்றை எடுத்தான். தொஸ்தோயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, எம். ஏ. சுசீலாவின் தமிழாக்கம். என்னைக் கண்டதும் மெல்ல, “அங்கிள், இதைக் கொண்டுவந்தால் ஏதும் சொல்லுவினமோ?” என்றான். ஐம்பது நிமிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. தேநீர் வேளையில் ஒருவர் சொன்னார். மேனாட்டுச் செவ்விலக்கிய வட்டத்தில் அந்தப் பண்பாட்டின் மொழியில் வாசிப்பதே முறை என்றும், இப்படியே போனால் வட்டத்தின் தன்மை மாறிவிடும் என்றும் அவருடைய வாதம். கோபமாகச் சொல்லவில்லை; உண்மையான கவலையோடுதான் சொன்னார்.

பையனின் முகம் சுருங்கியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த நூலகர் அம்மையார், அவர் கையிலிருந்த நூலைச் சுட்டிக்காட்டி, “நீங்கள் வாசிப்பது என்ன?” என்று கேட்டார். அதுவும் தொஸ்தோயெவ்ஸ்கிதான், ‘கரமசோவ் சகோதரர்கள்’, கொன்ஸ்ரன்ஸ் கார்னெற்றின் மொழிபெயர்ப்பு. கார்னெற் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது 1912இல். அதற்கு முன்னர் பெரும்பாலான ஆங்கில வாசகர்களுக்கு அந்நாவல் இல்லை என்றே சொல்லலாம். ருஷ்ய மொழி தெரியாத இருவர், ஒருவர் ஆங்கிலத்திலும் மற்றவர் தமிழிலும், ஒரே ஆசிரியரை வாசிக்கிறார்கள். அம்மையார் அதற்கு மேல் எதுவும் விளக்கவில்லை. அந்த மனிதரும் யோசித்துவிட்டுச் சிரித்தார். அடுத்த வாரம் போலந்து நாட்டவர் ஒருவர், கட்டிட வேலை செய்பவர், யோசப் கொன்ராட்டின் நாவலைப் போலந்து மொழியில் கொண்டுவந்தார். கொன்ராட் போலந்துக்காரர், எழுதியது ஆங்கிலத்தில். அவரை அவருடைய தாய்மொழிக்கே திருப்பி மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. எது எவருடைய இலக்கியம் என்று அந்த மேசையில் நிர்ணயிப்பது கடினமாகிவிட்டது.

நமக்கு இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ‘போரும் அமைதியும்’ நாவலை டி. எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ எனத் தமிழாக்கினார். க. நா. சுப்ரமண்யம், நட் ஹாம்சனின் ‘நிலவளம்’, லாகர்குவிஸ்ற்றின் ‘அன்பு வழி’, செல்மா லாகர்லெவ்வின் ‘மதகுரு’ ஆகியவற்றைத் தந்தார். மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு நூல்கள் நமது வாசிகசாலைகள் எங்கும் கிடந்த காலம் ஒன்று இருந்தது. தோல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’, ரா. கிருஷ்ணையாவின் தமிழில், எத்தனை வீடுகளில் இருந்தது! இவற்றை வாசிப்பதும் மேனாட்டுச் செவ்விலக்கியத்தை வாசிப்பதேயாகும்.

குறைபாடுகளையும் சொல்லவேண்டும். மௌனம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. அமெரிக்கப் பாடசாலைகளில் 1960களிலிருந்து மௌன வாசிப்புக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் முறை பரவியது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, அம்முறையால் மாணவரின் வாசிப்புத் திறன் உயர்கிறது என்று கூறப் போதிய சான்று இல்லை என்றது. சிறுவர்களுக்கு வழிகாட்டலும் உரத்த வாசிப்பும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. வளர்ந்தவர்களுக்கும், ஒரு நூலைப் பிழையாக விளங்கிக்கொண்டால் அதைச் சுட்டிக்காட்ட மௌன வட்டத்தில் ஆளில்லை. அந்த இருபது நிமிடத் தேநீரை எடுத்துவிட்டால் இது வெறும் காத்திருப்பு அறை ஆகிவிடும் என்பது என் அபிப்பிராயம். கலந்துரையாடல் வட்டங்கள் இருக்கட்டும். அவற்றில் பேச முடியாதவர்களுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

இங்கே தொடங்குவது கடினமா என்று நண்பர்கள் கேட்டார்கள். நூலக மேசை ஒன்று போதும். நூலகத்தில் இடம் கிடைக்காவிட்டால் வீட்டு விறாந்தை. மூன்று பேர் சேர்ந்தால் தொடங்கலாம். பதினைந்துக்கு மேல் போனால் இரண்டாகப் பிரிப்பது நல்லது. நாளையும் நேரத்தையும் மாற்றவே கூடாது. ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கக்கூடாது. அடுத்த முறை கூச்சத்தில் வராமலே விட்டுவிடுவார். தேநீர் முடிவில்தான், தொடக்கத்தில் கொடுத்தால் பேச்சு தொடங்கிவிடும், நம்மவர்களிடையே அது நிற்காது. நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாசிப்பவரிடமே விட்டுவிடுங்கள். தொடக்கத்துக்குப் பெரிய நாவல்தான் வேண்டும் என்றில்லை. செக்கோவின் சிறுகதை ஒன்றை ஐம்பது நிமிடத்தில் நிதானமாக வாசித்து முடிக்கலாம்.

கொழும்பு திரும்பிய பின்னர், வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் நாங்கள் நால்வர் ஞாயிறு காலையில் கூடுகிறோம். கடற்கரை ரயில் போகும்போது மாத்திரம் மௌனம் கலைகிறது. இலண்டனில் முப்பது சனிக்கிழமைகளில் 61ஆம் அத்தியாயம் வரை வந்திருந்தேன். இன்னும் 25 அத்தியாயங்கள் இருக்கின்றன. அந்தத் தமிழ் மாணவன் சென்ற மாதம் கடிதம் போட்டிருந்தான். அவன் இப்போது ‘அசடன்’ வாசிக்கிறானாம். தோல்ஸ்தோய் வாசிக்கும் பெண்மணி மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டாராம்.

அடுத்த வாரம் இதே நேரத்தில் கொன்ஸ்ரன்ஸ் கார்னெற்றின் மொழிபெயர்ப்புப் பணி பற்றிச் சற்று விரிவாகப் பேசுவேன்.